காய்ச்சி வடித்த நீரில் சுண்ணாம்பு

யுத்த காலத்தில் திருத்தணியில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. பாய்லர்களுக்குப் போகும் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதா என்று பார்ப்போம். ஆக்சலேட் கரைசலை ஊற்றியதும் வெள்ளையாகக் கலங்கினால் இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் தலைமை ரசாயனர் தினமும் மலையேறிக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு நேராக வேலைக்கு வருவார். குவளைக்கு மேல் குனிந்து, புருவத்தைச் சுருக்கி உற்றுப் பார்ப்பார். முருகன் அருள் பொடிப்பொடியாகக் குவளைக்குள் உதிரும். மணவூர்க் கிணற்று நீர் கலங்கியது. அரக்கோணத்து நீரும் கலங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த காய்ச்சி வடித்த நீரும் கலங்கியது.

"பட்டணத்துக்காரன் கிணத்துத் தண்ணிய ரொப்பி அனுப்பறாம்பா" என்று சொல்லி, வடித்த நீர் வாங்கும் கடையை மாற்றினார். புதுக் கடையின் நீரும் பக்தியோடு கலங்கியது.

அவர் காய்ச்சலில் படுத்த வாரம் நானே சோதித்தேன். வடித்த நீர் பளிங்காக நின்றது. அவர் திரும்பி வந்ததும் பணிவாகச் சொன்னேன்: "நீங்க இல்லாதப்ப வடிச்ச தண்ணி கலங்கலீங்க. நெத்தி விபூதி உள்ள விழுதோ என்னவோ."

அவர் என் வெறும் நெற்றியைப் பார்த்தார்.

"சாமி கும்பிடாம செஞ்சா எப்படிய்யா சரியா வரும்? நாளைலேந்து நீயும் விபூதி இட்டுகினு வா."