கரண்ட் போச்சு, வூட்டுக்கு வா

பவளம் ஆள் கூட்டிக்கொண்டு நடவுக்குப் போனால் வரிசையின் இடக்கோடியில் ஜெயம்மாள்தான் நிற்பாள். வேறு யாரும் அங்கே கால் வைக்க மாட்டார்கள். பெருநகர் என்கிற ஊரில் பிறந்து, உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் கால் சேற்றை மறந்ததில்லை. குனிந்தால் குனிந்ததுதான், கரையேறும்போதுதான் நிமிர்வாள். நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட நிற்க மாட்டாள். பிடிவாதக்காரி என்று பேர். இருக்கட்டுமே. பிடிவாதம் இல்லாதவள் சித்திரை வெயிலில் ஒரு கழனியை நட்டுக் கரையேற முடியுமா?

இந்த வருஷம் சொர்ணவாரிப் பட்டத்து நடவில் அந்த இடக்கோடி அடிக்கடி காலியானது. கையில் நாற்று பாதி இருக்கும்போதே அவள் இடுப்பில், பிளாஸ்டிக் பையில் சுற்றிச் செருகியிருந்த போன் பேசும். மணி அடிக்காது, பேசும்.

"பெரிம்மா, கரண்ட் போச்சு. வூட்டுக்கு வா. பெரிம்மா, கரண்ட் போச்சு. வூட்டுக்கு வா."

அவ்வளவுதான். நாற்றை அப்படியே போட்டுவிட்டு வரப்பில் ஓடுவாள்.

குரல் ஷாரோனுடையது. தெருவில் மூன்றாம் வீட்டுப் பெண். ரத்த சொந்தம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் பேச்சு வந்த நாளிலிருந்து ஜெயம்மாளைப் பெரிம்மா என்றும், ஜெயம்மாளின் புருஷன் எல்லப்பனைப் பெரிப்பா என்றும் கூப்பிட்டு வளர்ந்தவள். பக்கத்து டவுனில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள், காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவாள்.

எல்லப்பன் கல் உடைக்கும் கிரஷரில் காலமெல்லாம் வேலை செய்தவர். அந்தத் தூள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது கட்டிலோடு கட்டில். மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் மிஷின். மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் யூ.பி.எஸ் பேட்டரி அரை மணி நேரம் தாங்கும். அதற்குள் யாராவது வந்து சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிப் போட வேண்டும். சிலிண்டர் திருகும் வலு எல்லப்பன் கையில் இல்லை. பகலில் தெருவே வேலைக்குப் போய்விடும்.

ஜெயம்மாள் வேலையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. இதைப் பார்த்துத்தான் ஷாரோன் கம்பெனியில் கழித்துப் போட்ட சின்ன கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். அதற்குச் சர்வர் என்று பேர். கட்டிலுக்கு அடியில் வைத்து, யூ.பி.எஸ்ஸிலிருந்து ஒரு வயரை அதில் செருகி, அதற்குள் ஒரு சாஃப்ட்வேரை ஏற்றினாள். கரண்ட் நின்று பேட்டரி ஓட ஆரம்பித்தால் அது கண்டுகொள்ளும். கண்டுகொண்டு ஜெயம்மாளின் போனைக் கூப்பிடும். ஜெயம்மாளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் தன் குரலையே அதில் பதிந்து வைத்தாள். அன்றிலிருந்துதான் ஜெயம்மாள் நெஞ்சில் கல் இல்லாமல் நடவுக்குப் போனாள்.

அந்த மிஷின் பொய் சொல்ல ஆரம்பித்ததுதான் வந்த வினை.

ஜெயம்மாள் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து நிற்பாள். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். மிஷின் புஸ் புஸ் என்று நிம்மதியாக இருக்கும். எல்லப்பன் கண்ணைத் திறந்து, "இன்னா, வந்துட்ட?" என்பார்.

"கரண்ட் போச்சுன்னு போனு சொல்ச்சுயா."

"அப்டியா? இங்க... ஒண்ணும்... இல்லியே."

பானையில் இரண்டு சொம்பு மொண்டு குடித்துவிட்டுத் திரும்பவும் கழனிக்கு ஓடுவாள். அங்கே பவளம் இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

"வந்தியா மகராசி? இன்னா சொன்னாரு உங்க ஆளு? ஆச வந்துட்சா?"

"சும்மாகீறியா பவளம். மிஷினு கெட்டுக்கீது."

"மிஷினு கெட்டா மெக்கானிக்க பாரு. எனக்கு ஆளு கம்மியா பூட்டா மொதலாளி என்னியதான் கேக்கறாரு."

ஷாரோன் சாயங்காலம் ஆபீஸ் வேலை முடிந்ததும் லேப்டாப்போடு வந்து கட்டிலடியில் உட்கார்ந்துவிடுவாள். முதலில் வயர் லூஸ் என்று புது வயர் போட்டாள். மறுநாளே போன் பேசியது. கண் சிமிட்டும் நேரம் கரண்ட் தட்டினால்கூடச் சாஃப்ட்வேர் பதறுகிறது போலிருக்கிறது, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடு என்று அதற்குச் சொல்லி வைத்தாள். ஒரு நாள் அமைதியாக இருந்தது. அடுத்த நாள் மறுபடியும். வோல்டேஜ் இறங்கினால் கரண்டே போய்விட்டதாக எண்ணிக்கொள்கிறதோ என்று அந்த அளவைக் குறைத்தாள். எலக்ட்ரீஷியன் சின்னப்பையனைக் கூப்பிட்டுச் சுவரில் பிளக் பாயிண்ட்டை மாற்றச் சொன்னாள். பேட்டரியையும் மாற்றினார்கள். எதற்கும் அது மசியவில்லை.

எல்லப்பன் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். ஒரு நாள் அவரே யோசனையும் சொன்னார்.

"அணிலு, கிணிலு... வயர... கடிக்கிதோ... இன்னாவோ."

பாவம் அந்தப் பெண், டார்ச் அடித்து ஓட்டு விட்டமெல்லாம் தேடினாள்.

"பெரிம்மா, ஒண்ணு கவனிச்சியா? ஞாயித்துக்கெயமை நீ வூட்ல கீறப்போ வர்றதில்ல. வானம் மப்பா இருந்தா வர்றதில்ல. வெயிலு கொளுத்துற அன்னிக்குதான் வருது. சூடு ஏறி உள்ள ஏதோ ஆவுது."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. "நான் வெச்ச பெட்டிய நம்பிதான் நீ அவ்ளோ தூரம் போற. நாளிக்கு இது நெஜமா கூப்புடும்போது பொய்னு நீ நின்னுட்டா? பெரிப்பாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம்மேலதான பெரிம்மா."

ஜெயம்மாள் அவளை அதட்டித்தான் வீட்டுக்கு அனுப்பினாள். ஆனால் அதே பயம் அவளுக்கும் இருந்தது. அன்றைக்குக் காலையில்தான் போன் பேசியும், இந்த ஒரு முடி நாற்றை நட்டுவிட்டுப் போகலாம் என்று அவள் கை கொஞ்சம் தாமதித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பவளம் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு அது பேசிச்சுன்னா, போனவ அப்டியே வூட்லியே இருந்துக்க. வேற ஆளு பாத்துக்கறேன்."

சரி என்று ஜெயம்மாளும் சேற்றில் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் நாற்றுக் கட்டு தீர்ந்துபோனது. அடுத்த கட்டு வரவேண்டிய டிராக்டர் வழியில் நின்றுவிட்டது, வர நேரமாகும் என்றார்கள். அதற்குள் ஓடிப்போய் அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று ஏரிக்கரைக் குறுக்கு வழியில் நடந்தாள். அந்த வழி வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் விடும்.

கொல்லையில் கால் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

எல்லப்பன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கையில் ஊன்றுகோல். அதை மெல்ல மெல்லத் தூக்கிச் சுவர் சுவிட்சின் மேல் வைத்து ஒரு அழுத்து. யூ.பி.எஸ் பீப் பீப் என்று கத்தியது. கோலை நெஞ்சின் மேல் கிடத்திக்கொண்டு அவர் கூரையைப் பார்த்து வாய்க்குள் ஏதோ எண்ணினார். பிறகு மறுபடியும் கோலைத் தூக்கிச் சுவிட்சைப் போட்டார். தெரு வாசல் பக்கம் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு தூங்குகிறவர் போல் கண்ணை மூடினார்.

அப்போது ஜெயம்மாளின் இடுப்பு பேசியது.

"பெரிம்மா, கரண்ட் போச்சு. வூட்டுக்கு வா."

ஜன்னலுக்கு வெளியே அந்தக் குரல் கேட்டதும் எல்லப்பன் திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் கோல் அப்படியே நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போன் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

"இன்னாயா இது?" என்றபடி ஜெயம்மாள் உள்ளே வந்தாள். "உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்பூட்சா?"

அவர் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "போன வருசம்... தென்னேரி பக்கம்... வெயில்ல... மயங்கி வியுந்துட்ட. வண்டில... போட்டு... இட்டாந்தாங்க. எய்ந்து... வாசலுக்குகூட... என்னால வர முடில."

"அதுக்கு?"

"நீ... தண்ணி குடிக்க... நிக்கமாட்ட. கரண்ட் போச்சுன்னா... ஓடியாற. வந்தா... ரெண்டு சொம்பு... குடிக்கிற."

"போன் பண்ணி சொல்றதுதானே!"

"பண்ணேன். 'உயிரோடதான கீற, வெய்யி'ன்னு... வெச்சுட்ட."

ஜெயம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபத்தைத்தான் வெளியே விட்டாள்.

"வெயில்ல ஓட வெச்சுத் தண்ணி குடிக்க வெச்சியா! எந்த ஊரு ஞாயம்யா இது? அந்தப் பொண்ணு அயுதுகினு போறா. பவளம் வேலைய வுட்டே தொரத்தறா. நேத்து போனு பேசியும் ஒரு முடி நட்டுட்டுதான் வந்தேன், தெரிமா உனக்கு? அது நெஜமா இருந்திருந்தா? என்னிய எங்கயா கொண்டு போயி வுட்டிருப்ப?"

எல்லப்பன் கோலை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி மூலையில் வைத்தாள். கஞ்சி கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பானையிலிருந்து மொண்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள்.

டிராக்டர் வருவதற்குள் கழனிக்குத் திரும்பிவிட்டாள். நடந்ததைக் கேட்ட பவளம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் கிண்டலுக்குச் சொன்னா அது மெய்யாலுமே ஆசதானாடி!" என்றாள். வேலையை விட்டு நிறுத்தும் பேச்சு அதோடு போயிற்று.

சாயங்காலம் ஷாரோனுக்குச் சொன்னபோது அவள் லேப்டாப்பை மூடிவிட்டுத் தரையில் சாய்ந்தாள்.

"பெரிப்பா, கொஞ்ச நேரம் பொறுத்து கூப்புடுன்னு நான் மாத்துனனே?"

"மொத நாளு... அவ வர்ல. அப்றம்... அதிகமா... எண்ணிப் பாத்தேன்."

"அணிலு?"

"சும்மா... சொன்னேம்மா."

"ஐயோ ஆண்டவரே, என்ன பேஜார் பண்ட்டியே பெரிப்பா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் தெரு எட்டிப் பார்த்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெட்டி பொய் சொல்லல. போனத போச்சுன்னு சொல்ச்சு. அது போதும் எனக்கு."

அந்த வாரமே சின்னப்பையனைக் கொண்டு பிளக் பாயிண்ட்டைக் கோலுக்கு எட்டாத உயரத்தில் ஏற்றினாள். கட்டில் சட்டத்தில் ஒரு காலிங் பெல் பொத்தானை வைத்து அதன் வயரைச் சர்வரோடு சேர்த்தாள். அதை அழுத்தினால் போன் வேறு குரலில் பேசும். அந்தக் குரலைப் பதிவதற்கு எல்லப்பனுக்கு வெகு நேரம் பிடித்தது. நடுவில் நடுவில் மூச்சு வாங்கினார். அந்த மூச்சும் அதில் பதிந்திருக்கிறது.

"ஜெயா... நெயலுக்கு வா... தண்ணி குடி."

பிறகு ஷாரோன் ஜெயம்மாளைப் பக்கத்தில் நிறுத்தி, தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கிக் காட்டினாள். பழைய குரல் பேசியது. "இது கேட்டா ஓடு. அது கேட்டா உக்காரு. ரெண்டுக்கும் நடுவுல யோசன வேணாம் பெரிம்மா."

ஜெயம்மாள் அந்தப் பெண்ணின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். நல்லா இரு என்றாள்.

கழனியில் எல்லப்பன் குரல் முதன்முதலாகக் கேட்டபோது பெண்கள் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் பறந்தன. "தண்ணி உத்தரவு வந்துட்சி, ஏறுங்கடி எல்லாரும்," என்றாள் பவளம். ஜெயம்மாளும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். நாளாவட்டத்தில் அதுவே அவர்களுக்கு இளைப்பாறும் நேரமாகிவிட்டது.

நடவு முடியும் சமயத்தில் ஒரு நாள் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்தது. போன் பேசியது. ஷாரோனின் குரல். ஜெயம்மாள் கையில் நாற்று ஒரு நொடிகூடத் தங்கவில்லை. பவளமும் எதுவும் கேட்கவில்லை. "ஓடு, ஓடு," என்று மட்டும் கத்தினாள். ஜெயம்மாள் போய்ச் சேர்ந்தபோது பேட்டரி பாதிதான் இறங்கியிருந்தது. சிலிண்டரைத் திருகினாள், குழாயை மாற்றினாள். எல்லப்பன் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் கரண்ட் வந்தது. சேதி கேட்டுப் பாதியில் திரும்பி வந்த ஷாரோன், அதுவரை லேப்டாப்பை அங்கேயே வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள்.

மறுநாள், தான் விட்டுப்போன இடத்தை முதலில் நட்டுவிட வேண்டும் என்று ஜெயம்மாள் மற்றவர்களுக்கு முன்னாலேயே போனாள். இடக்கோடி முழுவதும் நட்டுக் கிடந்தது.

"யாருடி நட்டது இத?" என்றாள், பவளம் வந்ததும்.

"தவள நட்டுச்சி. போய் உன் வேலையப் பாரு."

பொழுது சாயும் அவசரத்தில் ஆளுக்கொரு கை போட்டு நட்டிருந்தார்கள். வரிசை கோணலும் மாணலுமாக இருந்தது. இன்னொரு நாளாக இருந்தால் ஜெயம்மாள் அத்தனையையும் பிடுங்கி நேராக நட்டிருப்பாள். அன்றைக்கு அதில் ஒரு நாற்றைக்கூட அவள் தொடவில்லை.