ஆற்றங்கரையில் முடிந்த படம்

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் ஒரு ருஷ்ய எழுத்தாளரைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள் நான்.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். தண்டலத்தில் நின்ற சோவியத் புத்தக வேனில் என் கணவர் வாங்கி வந்த, தமிழில் பெயர்த்த கெட்டி அட்டை ருஷ்ய நாவலை, பக்கத்தில் வேலை செய்த பெண்ணுக்குச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் கொஞ்சம் சொல்வேன். போருக்குப் போன மகன் வீடு திரும்பும் கதை. அவள் அதை வீட்டில் போய் மாமியாரிடம் சொல்வாளாம். அவள் கணவர் பட்டாளத்தில் இருந்தார்.

எழுதியவர் டிராக்டர் ஓட்டியவர், தானும் போருக்குப் போய்த் திரும்பியவர் என்று முன்னுரையில் இருந்தது. கதையை இரண்டு முறை படமாக எடுத்தார்களாம். இரண்டாவதில் முடிவை வெட்டிவிட்டார்களாம். அதை நான் மறந்தே போனேன்.

யூனியன்காரர்கள் அந்தப் படத்தை வரவழைத்தார்கள். ஞாயிறு மதியம், கல்யாண மண்டப ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டி ஓட்டினார்கள். பேச்சு முழுக்க ருஷ்யமொழி.

"இன்னா சொல்றான்கா?" என்று மாமியாரோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கேட்க, புத்தகத்தில் படித்ததை வைத்து நான் கிசுகிசுத்தேன். பின்னாலிருந்து ஒருவர், "அத்த சத்தமா சொன்னா நாங்களும் கேப்போம்ல?" என்றார். சத்தமாகவே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மகன் ஆற்றங்கரையில் வந்து நின்றான். அக்கரையில் ஊர். படம் முடிந்து லைட் போட்டுவிட்டார்கள்.

அவள் மாமியார் எழுந்திருக்காமல் என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, வூட்டுக்கு வருவான்னு சொன்னியாமே? ஆத்தாண்டயே நிக்கிறான்! இதுக்கா என்னை மண்ணூர்லேர்ந்து இட்டுக்கினு வந்தீங்கோ?"

யாரோ சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை. வெட்டிய படத்தைப் பார்த்தபோது எழுதியவரும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாரோ என்று தோன்றியது. எழுந்து நின்றேன்.

"புக்குல வரான்மா. படகுல தாண்டி வரான். அவங்கம்மா அடுப்பாண்ட இருக்காங்க. அடையாளம் தெரியல. 'யாருப்பா, தண்ணி வோணுமா'ன்னு கேக்கறாங்க."

"பெத்தவளுக்கு அடையாளம் தெரியாதா?"

"தாடிம்மா."

"அப்புறம்?"

"சொம்ப வாங்கறான். கையப் பாத்து கண்டுபுடிச்சிடறாங்க."

"அதான பாத்தேன்," என்று முந்தானையை உதறி எழுந்தார். "நீ சொன்னதே போதும். படம் எடுத்தவனுக்கு வேல தெரியல."

வாசலில் எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

மறுநாள் எங்களுக்கு முதல் ஷிப்டு. லைனில் பெல்ட் அறுந்து, கொஞ்ச நேரம் வேலை நின்றது. "படகுல வர்றத இன்னொரு வாட்டி சொல்லுக்கா" என்றாள் அவள்.