கேதம் சொல்லப் போன சுற்று

அம்மா செத்த அன்று நான் அழவில்லை. சைக்கிள் மிதித்தேன்.

விடியற்காலையில் மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுவிட்டு வந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை. நாங்கள் இருந்தது பெரம்பலூருக்கு மேற்கே, பச்சைமலை கண்ணுக்குத் தெரிகிற ஊர். எண்பதுகளில் எங்கள் ஊரில் போன் ஏது? சாவுச் செய்தியை, எங்கள் பேச்சில் கேதத்தை, ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் வேலையில் இருந்த மாமாவுக்குச் சொல்லப் பெரியப்பா மகன் பஸ் ஏறிவிட்டான். வேப்பந்தட்டைப் பக்கமும் மலைப்பக்கமும் என் தலையில் விழுந்தன. பெற்ற பிள்ளையையா அனுப்பினார்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் வழக்கப்படி அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் கடைசித் தம்பி, அவன் பொடியன். நான் வளர்ந்த ஆள், சும்மாதான் நின்றேன்.

பெரியப்பா என்னை மாட்டுக்கொட்டகை ஓரம் தள்ளிக்கொண்டு போனார். "பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்டா. ஒங்கக்கா வந்து மொகம் பாக்கணும். அவகிட்ட மட்டும் செத்துடுச்சுன்னு சொல்லிடாத. அந்த எறக்கத்துல கேரியர்ல உக்காந்து மாருல அடிச்சிக்கிட்டான்னா ரெண்டு பேரும் பள்ளத்துலதான். ஒடம்பு முடியலன்னு மட்டும் சொல்லிக் கூட்டிக்கிட்டு வா."

அக்காவைக் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம். அவள் வீடு மலைமேட்டில், காட்டுக்கு அந்தப்புறம். அங்கே போகிற ஒரே பஸ்ஸும் காலையில் போய்விட்டால் அடுத்தது இருட்டின பிறகுதான். முதலில் அவளிடம் போயிருக்கலாம். ஆனால் அவளைக் கேரியரில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேதம் சொல்ல முடியாது. அதனால் வேப்பந்தட்டை வழியாகச் சுற்றி, சொந்தக்காரர் வீடுகளை முடித்து, காட்டு மேட்டைத் தனியாக ஏறி, அவளை ஏற்றிக்கொண்டு மறுபக்கம் இறக்கமாகவே வந்து சேர்வது என்று கணக்குப் போட்டேன். அம்மா செத்த காலையில் மேடு பள்ளம் கணக்குப் போட்டவன் நான். மூளை அதை மட்டும் ஒழுங்காகச் செய்தது.

கேதம் சொல்லப் போகிறவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது. உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' சொல்லக் கூடாது. சாவுக்குப் போகிறவர்களும் அப்படித்தான், சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்புவார்கள். நான் சைக்கிளைவிட்டு இறங்கக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, "அம்மா தவறிடுச்சு, சாயங்காலம் எடுக்கறாங்க" என்று சொல்லி ஹேண்டில்பாரைத் திருப்பிவிடுவேன். முதல் வீட்டில் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. வேப்பந்தட்டை டீக்கடையில் இருந்த மாமன் முறைக்காரர் என்னைப் பார்த்ததும், "என்ன மாப்ள, இவ்ளோ வெரசா? பொண்ணு பாக்கப் போறியா?" என்று சிரித்தார். அவரிடமும் அதே வார்த்தையைச் சொன்னேன். கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர்தான் தவித்தார், பாவம்.

காடு தொடங்கியதும் மேடு. சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தேன், பிறகு இறங்கித் தள்ளினேன். அந்த இழவெடுத்த செயின் இரண்டு தரம் கழன்றது. இரண்டு பக்கமும் உண்ணிச்செடி, மூங்கில், ரோட்டை மறித்துக்கொண்டு பேன் பார்க்கிற குரங்குகள். செயின் மை அப்பிய கையைப் பார்த்து, 'இதோடு வீட்டுக்குப் போனால் அம்மா திட்டுவாள்' என்று நினைத்தேன். நினைத்த பிறகும் ஒன்றும் ஆகவில்லை. வேறு எவனோ என் காலை வைத்து மிதித்துக்கொண்டிருப்பதாக இருந்தது.

அக்கா வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மச்சான் லாரியில் வெளியூர் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாடா. என்னடா திடுதிப்புனு?"

"அம்மாவுக்கு ஒடம்பு முடியலக்கா. ஒன்ன பாக்கணுங்குது. கெளம்பு."

"உள்ள வாடா. தண்ணி குடி மொதல்ல."

"வேணாங்க்கா."

அவள் என் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். உள்ளே போனாள். எவ்வளவு நேரம்! பொழுது போகிறதே என்று எனக்கு எரிச்சல். ஒருவழியாகக் கையில் தூக்குவாளியோடு வந்தாள். "கஞ்சி" என்றாள். மாமியாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

இறக்கம் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். அம்மாவைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், மாத்திரை கொடுத்தால் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வாள், பக்கத்திலேயே நின்று முழுங்க வைக்க வேண்டும். நான் 'ம்' கொட்டினேன். முன் பிரேக் பிடிக்கவில்லை, பின் பிரேக் கிறீச்சிட்டது. "மெதுவா வுடுடா, கஞ்சி ஊத்திடும்" என்றாள். யாருக்குக் கஞ்சி, யார் குடிக்கப்போகிறார்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. வளைவுகளை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

மலை முடிந்து சமதளத்துக்கு வந்ததும், ஓடைப் பாலத்தருகே, "நிறுத்துடா" என்றாள். இறங்கித் தூக்குவாளி மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"குடி."

"அம்மாவுக்குன்னு..."

"ஒனக்குத்தான்டா. எடுக்கற வரைக்கும் வூட்ல அடுப்பு எரியாது. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாம சுத்திருப்ப."

நான் வாளியை வாங்காமல் நின்றேன்.

"வாசல்லயே கால ஊனி நின்னியே, அப்பவே தெரிஞ்சிடுச்சு" என்றாள். "எறக்கத்துல நா அழுதா நீ எப்புடிடா ஓட்டுவ?"

அவள் உதடு கோணியது. "எப்படா போச்சு உசுரு?"

காலையிலிருந்து அத்தனை வாசலில் சொன்னவன், வாளியை வாங்கிக்கொண்டேன். கஞ்சியைக் குடித்தேன். உப்புப் போட மறந்திருந்தாள். கடைசி வாய் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றவள், பிறகுதான் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். மீதி வழி முழுக்க என் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு வந்தாள். சட்டை நனைந்தது.

வெயில் தாழ்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். பெரியப்பா ஓடிவந்து என் காதில், "வழியில ஏதும் சொல்லிடலியே?" என்று கேட்டார்.

"சொல்லல" என்றேன்.

ஒப்பாரிக்காகப் பெண்கள் கையை விரித்து அக்காவுக்கு இடம் விட்டார்கள். அவள் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. காலித் தூக்குவாளியை அம்மாவின் தலைமாட்டில் வைத்தாள். காதருகே குனிந்தாள்.

"பெரியவன் கஞ்சி குடிச்சிட்டாம்மா" என்றாள்.

அப்போதுதான் நான் சைக்கிளைக் கீழே போட்டேன்.