கோதுமை மாவு கிடைக்காத அந்த வாரம்

சில வருடங்களுக்கு முன், நல்ல மழை பெய்த ஓர் ஐப்பசி மாதம். கள்ளக்குறிச்சியில் குடியிருந்துகொண்டு, கல்வராயன் மலையில் உள்ள ஒரு பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் போய்ப் பாடம் நடத்தி வந்தேன். அப்போது கெண்டைக்காலும் தொடையும் துணியை முறுக்கிப் பிழிந்த மாதிரி வலிக்கும். பஸ் படி ஏறக் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும். எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். மட்டம் போடத்தான் நடிக்கிறேன் என்ற பேச்சும் காதில் விழுந்தது. அழுதுகொண்டே வேலையை விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

நம் ஊரில் உடம்புக்கு எது வந்தாலும் முதல் வைத்தியம், சோற்றை விட்டுவிட்டு சப்பாத்திக்கு மாறுவதுதானே? நானும் காலையில் கோதுமை ரவை உப்புமா, இரவில் சப்பாத்தி என்று விரதம் மாதிரி இருந்தேன். வலி கூடக் கூட சப்பாத்தியும் கூடியது.

ஒரு நாள் நான் பள்ளியில் இருந்தபோது மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் போக்குவரத்தே நின்றுபோனது. பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்கா, தயங்கி நின்ற என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஒரு வாரம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும்தான். தினமும் வெந்நீர் ஒத்தடம் வேறு கொடுத்தார். ஆனாலும் அவருக்கு ஒரே சங்கடம்.

“கோதும மாவு கேட்டுப் பாத்தேங்க டீச்சர், கடைக்கு லோடே வரலயாம். ஒடம்பு முடியாதவங்களுக்கு இதப் போடறமேன்னு கூச்சமா இருக்குதுங்க” என்றார். வலி ஏறிவிடுமே என்று எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

வாரக் கடைசியில், பள்ளத்தில் இருந்த குழாயில் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு மேடேறி வந்தேன்.

“இன்னா டீச்சர், இந்த நட நடந்து வர்றீங்க?” என்றார் அக்கா. அப்போதுதான் எனக்கே உறைத்தது, கால் வலிக்கவில்லை. குடத்தை இறக்கி வைத்து அழுதுவிட்டேன். எல்லாம் ஒத்தடத்தின் மகிமை என்றே இருவரும் நினைத்தோம்.

பாதை சரியாகி வீடு திரும்பியதும் பழையபடி சப்பாத்தி. சில நாட்களில் கெண்டைக்கால் மறுபடி பிடித்துக்கொண்டது. நடந்ததை எல்லாம் டாக்டரிடம் சொன்னேன். ரத்தப் பரிசோதனை, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாம் முடிந்த பிறகு, கோதுமையில் உள்ள குளூட்டன் என் குடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் சத்து சேராமல் தசை வலித்திருக்கலாம் என்றார். எல்லோருடைய கால்வலிக்கும் இதுவே காரணம் இல்லை என்றும் எச்சரித்தார். கோதுமையை நிறுத்தினேன். வலி மெல்ல விலகியது, வேலையும் நிலைத்தது.

அக்காவிடம் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அந்த மாவு மட்டும் கெடச்சிருந்தா, நானே உங்கள முடக்கிப் போட்டிருப்பேனே டீச்சர்.”

தன் வீட்டில் இல்லாததற்காக அவர் அவ்வளவு கூசினார். அந்த வீட்டில் இருந்ததைச் சாப்பிட்டுத்தான் என் கால்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன என்பதை, ஒவ்வொரு முறை பஸ் படி ஏறும்போதும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.