சுரக்குடி சுந்தரியும் முக்கால் இஞ்ச் கைப்பிடியும்

டிராக்டர் நின்றுபோனால் சுரக்குடிக்காரர்கள் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள், அடுத்தபடியாகக் கல்யாணசுந்தரியைக் கூப்பிடுவார்கள். இருவரில் சீக்கிரம் வந்து சேருகிறவள் சுந்தரிதான். ஸ்கூட்டரின் முன்பக்கம் கருவிப்பெட்டி, சுடிதாருக்கு மேல் கணவனின் பழைய சட்டை, காதில் கறுத்துப்போன ஒரு கம்மல். வந்ததும் பேசமாட்டாள். எஞ்சினை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். பிறகு, "டீசல்ல தண்ணி கலந்திருக்கு, யாரு கேனைத் தொறந்து வச்சது?" என்று அதட்டுவாள். திறந்து வைத்தவன் அந்நேரம் அங்கே இருக்கமாட்டான்.

இந்தப் பெயரை அவள் லேசில் சம்பாதிக்கவில்லை. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு ஒரு டிராக்டர் ஷோரூமில் வேலைக்குப் போனாள். அவர்கள் அவளை மேஜைக்கு முன்னால் உட்காரவைத்து, வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கச் சொன்னார்கள். உள்ளே ஆண்கள் கியர்பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை அரித்தது. ஒருநாள் டோக்கன் கட்டை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தவள்தான், திருநள்ளாறு போகும் சாலையோரம் தகரக் கொட்டகை போட்டுச் சொந்தப் பட்டறை ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருக்கும் அவள் கணவன் செம்பியன், மாதாமாதம் சம்பளம் வரும் வேலையை விட்டதற்காக ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இப்போது யாராவது கேட்டால், "என் வீட்டுக்காரி மெக்கானிக்" என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறான்.

எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அது பின்சக்கர நட்டு.

இந்தப் பக்கம் நடவுக்கு முன்னால் சேறு அடிக்கும்போது டிராக்டரின் பெரிய ரப்பர் சக்கரங்களைக் கழற்றிவிட்டு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டவேண்டும். ரப்பரோடு இறங்கினால் வண்டி வயலிலேயே குடியிருந்துவிடும். அந்த நட்டுகளோ ஒரு போகம் முழுக்க மழையும் வெயிலும் தின்று, கடல் காற்றின் உப்பும் சேர்ந்து, சக்கரத்தோடு பிறந்தவை போல ஒட்டிக்கொண்டிருக்கும். சுந்தரியிடம் இருந்தது அரை இஞ்ச் செட். நட்டின் தலையில் தொப்பி மாதிரி கவிழ்கிற சாக்கெட், அதன் முதுகில் ஒரு சதுரத் துளை, அந்தத் துளையில் செருகித் திருப்பக் கைப்பிடி. கைப்பிடி முனை அரை இஞ்ச் கனம். எஞ்சின் வேலைக்கு அதுவே தாராளம். பின்சக்கரத்துக்கு அது போதாது என்று ஊருக்கே தெரியும். அதனால் ஊரே ஒரு வழக்கம் வைத்திருந்தது. கைப்பிடியில் ஆள் நீள இரும்புக் குழாயை மாட்டி, குழாயின் நுனியில் ஒருவர் ஏறி நின்று குதிப்பார்.

அந்த ஒருவர் மருதையன். நெல் மூட்டை ஏற்றி இறக்கிய காலத்தில் போட்ட உடம்பு, வேலையை விட்ட பிறகும் குறையவில்லை. பட்டறைக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சுதான் அவருக்கு ஆபீஸ். "அண்ணே, ஒரு கை குடுங்க" என்று சுந்தரி குரல் கொடுத்தால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவர் பின்னாலேயே பெஞ்சிலிருந்த மற்றவர்களும் வருவார்கள். குழாயில் அவர் ஏறிக் குதிப்பார், நட்டு 'கிறீச்' என்று அசையும், எல்லோரும் கைதட்டுவார்கள். பிறகு சுந்தரி செலவில் டீயும் வடையும். நல்ல மனுஷன், குறை சொல்ல முடியாது. ஆனால் வண்டிக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொல்வது என்ன? "மருதையன் கழட்டிக் குடுத்தாரு." சுந்தரி அரைநாள் குனிந்து செய்த வேலை அந்த ஒரு குதியில் அடிபட்டுப் போகும்.

சக்கரத்தை உருட்டவும் தூக்கவும் எந்தப் பட்டறையிலும் ஆள் வேண்டும். அதில் அவளுக்கு வெட்கமில்லை. நட்டைக் கழற்றுவது மெக்கானிக் வேலை. தன் வேலைக்குத் தான் ஆள் தேடுவதா என்பதுதான் அவள் மண்டையைக் குடைந்தது.

காரைக்கால் கடைத்தெருவில் நூகு பாய் கடையில் முக்கால் இஞ்ச் செட் ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. நூகு பாய் துபாயில் கிரேன் கம்பெனி ஸ்டோரில் இருந்து வந்தவர், இரும்பைத் தட்டிப் பார்த்தே தரம் சொல்வார். சுந்தரி போகும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்வாள். ஒவ்வொரு சாக்கெட்டும் அம்மிக் குழவி போலக் கனத்தது. கையில் உருட்டிப் பார்ப்பாள், திரும்ப வைப்பாள்.

"எடுத்துக்கயேம்மா. பொண்ணு பாக்க வந்த மாப்புள வீட்டுக்காரவோ மாதிரி பாத்துப் பாத்துட்டுப் போறியே" என்பார் நூகு.

"எனக்கு எத்தன நாளைக்கு பாய் வேணும்? சேறடிக்கிற சமயத்துல கழட்டணும், அறுப்புக்கு முன்ன மாட்டணும். மத்த நாளெல்லாம் பெட்டி தூங்கும். இதுல பாதி சாக்கெட்டு நம்ம ஊரு வண்டி எதுக்கும் ஆவாது."

"அதுவும் வாஸ்தவந்தான்" என்று அவரே ஒப்புக்கொள்வார். வியாபாரி அப்படி ஒப்புக்கொண்டால் அப்புறம் எப்படி வாங்குவது?

செம்பியனிடம் கேட்டாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மருதையன் அண்ணன் சும்மாத்தான ஒக்காந்திருக்காரு. அவரு இருக்கையில அது எதுக்கு?" என்றான். அவன் தப்பாக ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சுந்தரிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்படி இழுபறியாக இருந்தபோதுதான் கோவிந்தராசுவின் டிராக்டர் வந்தது.

கோவிந்தராசு சுந்தரிக்குச் சித்தப்பா முறை. வயல்வேலை இல்லாத மாதங்களில் வண்டியைக் காரைக்கால்மேட்டுக்கு அனுப்பிப் படகு இழுக்க விடுவார். மீன்பிடித் தடைக்காலத்தில் அங்கே ஃபைபர் படகுகளை மணலில் இழுத்துப்போட்டுப் பழுது பார்ப்பார்கள். வண்டி கரைக்கும் அலைக்குமாக ஓடும். போன வருஷம் உப்பில் நட்டெல்லாம் துருப்பிடித்ததில் சுந்தரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர், இந்த வருஷம் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்திருந்தார்.

"உப்பு ஒரு சொட்டு உள்ள போயிருக்காது பாரு" என்று பெருமையாகச் சக்கரத்தைக் காட்டினார்.

சுந்தரி குனிந்து பார்த்தாள். அப்படியே நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நட்டுகள் எல்லாம் கண்ணாடி போட்டு மூடியது போல மினுமினுத்தன. படகின் ஓட்டையை அடைக்கிற ரெசினைக் கொண்டுவந்து ஒவ்வொரு நட்டின் மேலும் பட்டையாகப் பூசியிருந்தார்கள்.

"சித்தப்பா, இது என்னா?"

"படகுக்குப் பூசுறதுதான். கடலுக்கே அசையாது."

"கடலுக்கு அசையாதுன்னா எனக்கு மட்டும் அசையுமா? நட்டுக்கும் போல்ட்டுக்கும் கல்யாணம் பண்ணி வச்சிருக்கீங்களே!"

டீக்கடை பெஞ்சு விழுந்து விழுந்து சிரித்தது. கோவிந்தராசு சிரிக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. கடைமடைக்குத் தண்ணீர் வருவதே பெரிய பாடு, வந்த தண்ணீர் யாருக்காகவும் காத்திருக்காது. சாயங்காலத்துக்குள் வண்டி வயலில் இறங்கவில்லையென்றால் அடுத்த முறைத் தண்ணீர் எப்போது என்று யாருக்கும் தெரியாது. நாற்று வேறு முற்றிக்கொண்டிருந்தது.

சுந்தரி உளியால் ரெசினைச் சிராய் சிராயாகப் பெயர்த்தாள். மேலே இருந்தது வந்தது. மரையின் இடுக்கில் இறங்கியிருந்தது வரவில்லை. அரை இஞ்ச் கைப்பிடியை மாட்டினாள், குழாயைச் செருகினாள். மருதையன் வந்து ஏறி நின்றார். அசையவில்லை. குதித்தார். இன்னொரு குதி குதித்தார். 'டப்' என்று ஒரு சத்தம். நட்டு அசைந்ததாக நினைத்துப் பெஞ்சுக்காரர்கள் கைதட்டிவிட்டார்கள். உடைந்தது கைப்பிடியின் முனை. குழாய் ஒரு பக்கம் பறந்தது, மருதையன் பழைய டயர்க் குவியலில் உட்கார்ந்த நிலையில் விழுந்தார். டயர் இருந்ததால் எலும்பு தப்பியது.

சுந்தரி ஓடிப்போய்த் தூக்கினாள். அந்த டயர்களுக்குப் பக்கத்திலேயே கழற்றிப்போட்ட கலப்பையின் கொழுமுனைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"எனக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. குழாய இன்னும் நீளமா மாட்டுவோம்" என்றார் மருதையன், இடுப்பைத் தடவிக்கொண்டே.

"இனிமே என் பட்டறையில யாரும் குழாய்ல ஏறக்கூடாது" என்றாள் சுந்தரி.

கோவிந்தராசு செருப்பை மாட்டிக்கொண்டார். "அப்ப நான் போலகத்துப் பக்கம் வேற மெக்கானிக்கப் பாத்துக் கூட்டியாரேன். கோவிச்சுக்காத. இது ஆம்பள கை வேணுங்கிற வேலை."

சுந்தரியின் முகம் சிவந்தது. "நான் கடைத்தெருவுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் இருங்க. வந்து முடியலன்னா நானே அந்த ஆளுக்குப் போன் போட்டுத் தரேன்" என்று சொல்லி ஸ்கூட்டரை உதைத்தாள்.

வழி நெடுக யோசித்தாள். இவ்வளவு காலமும் கேள்வியையே தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. வருஷத்தில் எத்தனை நாள் வேண்டும் என்று பார்த்தால் பெட்டி வீண்தான். வேண்டிய அன்றைக்கு அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றுதான் பார்த்திருக்க வேண்டும். அதற்காகக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற மொத்தப் பெட்டியும் வேண்டுமா? வேண்டாம். தன் ஊர் வண்டிகளின் சக்கரங்கள் அவளுக்கு மனப்பாடம்.

"நீளக் கைப்பிடி ஒண்ணு. இருபத்தேழு எம்.எம். சாக்கெட் ஒண்ணு, முப்பது ஒண்ணு. அவ்வளவுதான் பாய்."

நூகு பாய் நெஞ்சில் கை வைத்தார். "செட்டப் பிரிக்கிறதா! மூளியாப் போயிருமேம்மா. அப்புறம் யாரு வாங்குவா?"

"இத்தன நாளா முழுசா இருந்தப்ப யாரு வாங்குனா?"

அவர் ஒரு நிமிஷம் பெட்டியைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, கைப்பிடியைத் துணியால் துடைத்து இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "ராட்செட் வேணாமா? எடுத்து எடுத்து மாட்டாமத் திருப்பலாம், சுலபமா இருக்குமே."

"எஞ்சினுக்குன்னா வேணும். இதுக்கு உள்ள பல்லுச்சக்கரம் இல்லாத கம்பிதான் சரி. பல்லு இருந்தா அது முதல்ல போயிரும்."

"பிஸ்மி சொல்லிக் குடுக்குறேன், எடுத்துட்டுப் போம்மா" என்றார் நூகு பாய்.

அவள் திரும்பி வந்தபோது டீக்கடை பெஞ்சு முழுக்கப் பட்டறை வாசலுக்கு இடம் மாறியிருந்தது. கைப்பிடி அவள் இடுப்பு உயரம் இருந்தது. சுந்தரி அவசரப்படவில்லை. ஊது விளக்கைப் பற்றவைத்து, டயர் பக்கம் ஈரச் சாக்கைப் போட்டு மறைத்துவிட்டு, நட்டை மட்டும் சூடு காட்டினாள். இடுக்கிலிருந்த ரெசின் நாற்றமடித்துக் குழைந்தது. இருபத்தேழைக் கவிழ்த்தாள். சாக்கெட் நட்டின் மேல் அசங்காமல் உட்கார்ந்தது. கைப்பிடியைச் செருகினாள். பழக்கதோஷத்தில் மருதையன் வேட்டியை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஒக்காருங்கண்ணே" என்றாள் சுந்தரி.

காலை அகட்டி ஊன்றினாள். கைப்பிடியின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து, முதுகால் இழுக்காமல் உடம்பை அப்படியே பின்னுக்குச் சாய்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் மூச்சை விட்டுவிட்டு மறுபடி சாய்ந்தாள். தோளிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரே கோடாக இறுகியது. நட்டு கத்தியது. காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கத்தல், பிறகு ஒரு கால் சுற்று, அப்புறம் அரைச் சுற்று. அதன்பின் அது வெறும் நட்டு.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. வாயை மூட மறந்து நின்றார்கள். சுந்தரி அடுத்த நட்டுக்கும் சூடு காட்டினாள், அதற்கடுத்ததற்குப் போனாள். ஒவ்வொன்றும் கத்தியது, ஒவ்வொன்றும் வந்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஷோரூம் மேஜையில் உட்கார்ந்து எந்தச் சத்தத்துக்காக ஏங்கினாளோ அந்தச் சத்தத்தை இன்றைக்கு அவளே உண்டாக்கிக்கொண்டிருந்தாள்.

கோவிந்தராசு வயலில் இருந்த ஆளுக்குப் போன் போட்டார். "மடையத் தொறந்து விடு, வண்டி வருது. கழண்டுருச்சு. நம்ம மருதையன் கழட்டிக் குடுத்..."

"யோவ்!" என்று மருதையன் போட்ட சத்தத்தில் போனே கீழே விழப் பார்த்தது. "நான் எங்கய்யா கழட்டுனேன்? நான் இந்தா ஒக்காந்திருக்கேன். கழட்டுனது தங்கச்சி. இந்தப் பேர எனக்கு வச்சா நாளைக்கு எவனாவது என்னையத் திரும்பக் குழாய்ல ஏத்துவான். ஒழுங்கா சொல்லு."

கோவிந்தராசு போனைத் திரும்பக் காதில் வைத்தார். சுந்தரியைப் பார்த்தார். "சுந்தரிதான் கழட்டுச்சு" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்கவேண்டும். "ஆமாம்ப்பா, தனியாத்தான். கூட யாருமில்ல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்ல" என்று இன்னும் சத்தமாகச் சொன்னார்.

சுந்தரிக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கைப்பிடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு டிராக்டரின் அந்தப் பக்கம் போனாள். அங்கே ஆண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். "அடுத்த சக்கரம் கழட்டணும்."