வழிகாட்டிக்கு வேர்த்தது

சிவபாண்டிக்கு வழி தெரியாது. இதை அவர் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் பிறந்து, பழங்காநத்தத்தில் குடியேறி, பன்னிரண்டு வருடமாக மதுரைக்கு மேற்கே ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற மனிதர், எந்தத் திருப்பத்திலும் ஒரு நொடி தயங்குவார். வலதா இடதா என்று மனசைக் கேட்டு, மனசு சொன்னதற்கு எதிர்ப்பக்கம் போனால் பெரும்பாலும் ஊர் வந்துவிடும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை.

அதனால்தான் துபாயிலிருந்து வந்த மைத்துனன் மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த ஜிபிஎஸ் கருவி ஒன்றைக் கொடுத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. செல்போனிலேயே வழி பார்க்கலாமே என்று கேட்டவர்களுக்குப் பதில் தயாராக இருந்தது. பாதி வழியில் எவராவது மாடு கத்துது என்று கூப்பிடுவார்கள், படம் மறைந்துவிடும்; வெயிலில் போன் கொதித்து அணைந்துவிடும். இதெல்லாம் நிஜம்தான். ஹேண்டில்பாரில் அது நிமிர்ந்து நிற்கும்போது தானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததும் நிஜம்தான். போகிற தொழுவத்தையெல்லாம் அதில் பதிந்து வைத்தார். மாட்டுக்காரர் பெயர் அவருக்கு நிற்காது என்பதால் ‘உதைக்கிறது’, ‘ஒத்தைக்கொம்பு’, ‘கயிறை அறுக்கும்’ என்று மாட்டின் பெயரில் பதிந்தார்.

“லொகேஷன மட்டும் அனுப்புங்க. ரோட்டுல நின்னு கை காட்டவே வேணாம். சேட்டிலைட்டு நம்மளக் கூட்டிட்டு வந்துரும்” என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டார். ஜெயக்கொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வார். ஜெயக்கொடி இரண்டு வருடமாக அதே பக்கம் ஸ்கூட்டரில் ஊசி போட வருகிற பெண். “அது டீக்கடைக்கு டீக்கடை நிறுத்தி வழி கேட்டுக்கிட்டுல்ல போகுது.”

மாசி முடிகிற சமயத்தில் கருவியின் கண்ணாடிக்கு உள்பக்கம் புகை படர்ந்தது போல் ஒரு மங்கல் வந்தது. கைக்குட்டையால் துடைத்தார். உள்ளே இருப்பதை வெளியே துடைத்தால் போகாது என்பது நாலாவது முறை துடைத்தபோது விளங்கியது.

அன்று தொடங்கியது ஆராய்ச்சி. முதலில் கருவியை அரிசி டிரம்முக்குள் புதைத்தார். மறுநாள் அரிசி எடுக்கப் போன மனைவி சரண்யாதேவி, கையில் எதுவோ தட்டுப்பட்டு அலறினாள். அடுத்து செருப்புக்கடையில் கெஞ்சி, டப்பாவுக்குள் போடுகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை வாங்கி வந்து கருவியைச் சுற்றிக் கட்டினார். அதுவும் வெளியேதான். பிறகு, ஈரம் புகுகிற வழியை அடைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்து, கோடை மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கருவியைக் கழற்றி, ஊதி, துடைத்து, ஓரமெல்லாம் சிலிகான் பசை தடவி மூடினார். மழைக்காற்றை உள்ளே வைத்துச் சீல் செய்த முதல் ஆள் மதுரை ஜில்லாவில் அவராகத்தான் இருக்க வேண்டும். மறுநாள் உள்ளே மங்கல் போய் முத்து முத்தாகத் தண்ணீரே நின்றது.

பழங்காநத்தத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பேச்சிமுத்து கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அண்ணே, இத ஏசி ரூம்ல எதும் வெக்கிறீகளா? நல்லாக் குளுந்த சாமான திடீர்னு வெளிய எடுத்தா உள்ள இருக்க ஈரம் கண்ணாடில படியும். வெயில்ல தெறந்து காயவச்சு, காஞ்ச காத்தோட மூடுங்க. மூடுன பெறகு குளுரவிடாதீக. அம்புட்டுதான்.”

“ஏசியா? ஏம் வீட்டுல ஃபேனே ரெண்டு நம்பர்லதாண்டா ஓடுது” என்று சிரித்துவிட்டு வந்தார்.

ஏசி இல்லைதான். ஆனால் அவரிடம் ஒரு குளிர்சாதனம் இருந்தது, அதைக் கண்டுபிடித்தவரும் அவரே. உறையவைத்த காளை விந்து அடைத்த மெல்லிய ஸ்ட்ராக்கள் திரவ நைட்ரஜன் நிரம்பிய கேனில்தான் இருக்க வேண்டும். அந்தக் கேன் ஒரு தோல்பைக்குள் அவர் வண்டியின் பக்கவாட்டில் தொங்கும். வெயிலில் நின்றால் கருவியும் போனைப் போல அணைந்துவிடுமோ என்று பயந்து, எந்தத் தொழுவத்தில் இறங்கினாலும் கருவியைக் கழற்றிக் கேன் மூடிக்கு மேலே, தோல்பைக்குள் செருகி வைப்பார். திருட்டுப் பயமும் இல்லை. எடுக்கும்போது ஜில்லென்று இருக்கும். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருக்கும்.

அப்படிப்பட்ட நாட்களில்தான் கீழக்குயில்குடித் தங்கப்பொண்ணின் செவலை மாடு இரண்டு முறை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. இரண்டாவது முறையும் அது பருவத்துக்கு வந்து கத்தியபோது சிவபாண்டி உதட்டைப் பிதுக்கி, “மாட்டுலதாங்க்கா கோளாறு. மலடு தட்டிருச்சுன்னு நெனைக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தங்கப்பொண்ணின் வீட்டுக்காரர் வியாபாரியிடம் பேசிவிட்டார். கறவை வற்றிய மலட்டு மாட்டை வாங்குகிற வியாபாரி எங்கே கொண்டுபோவான் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு மாடுதான் தங்கப்பொண்ணுக்கு. இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று புருஷனிடம் அழுது தவணை வாங்கியிருந்தாள்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் போன் செய்தாள். “மாடு விடியக்காலம் இருந்து கத்துது தம்பி. இப்ப அண்ணன் தோட்டத்துல கட்டியிருக்கேன். அந்த லொகேசனத்தான் பக்கத்து வீட்டுப் புள்ள அனுப்பிருக்கு. இதுதான் கடேசி. பொழுது சாயறதுக்குள்ள வந்துருங்க, விட்டா பருவம் தப்பிரும்.”

“நாலு மணிக்கு டாண்ணு வாரேன்க்கா.”

நாலு மணிக்கு டாண்ணென்று அவர் சமணர் மலையடிவாரத்தில்தான் இருந்தார். ஆனால் கருவியின் கண்ணாடிக்குள் கஞ்சித் தண்ணீர் ஊற்றியது போல் வெள்ளையாக இருந்தது. கோடும் தெரியவில்லை, அம்பும் தெரியவில்லை. மலை மறைவில் போனில் பேச மட்டும்தான் சிக்னல் இருந்தது, படம் திறக்கவில்லை. மனசைக் கேட்டு எதிர்ப்பக்கம் போனார். டீக்கடை வந்தது. மறுபடி போனார். அரை மணி நேரத்தில் அதே டீக்கடை வந்தது. மூன்றாவது முறை வந்தபோது கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடி, “என்ன டாக்டரே, மலையச் சுத்துறதா நேத்திக்கடனா?” என்று கேட்டார்.

“ச்சேச்சே, சும்மா… வண்டிய ஓட்டிப் பாக்குறேன்” என்றார் சிவபாண்டி. தங்கப்பொண்ணின் அண்ணன் தோட்டம் எது என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. சேட்டிலைட்டு பற்றி இந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் அவர் அதிகம் பேசியிருந்தார். தங்கப்பொண்ணு போனை எடுக்கவில்லை. துள்ளுகிற மாட்டைப் பிடித்துக்கொண்டு எந்தக் கையால் எடுப்பாள்? வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. கடைசியில் கடையிலிருந்து தூரமாக, தன்னைத் தெரியாத ஒரு ஆடு மேய்க்கிற அம்மாவாகப் பார்த்து வழி கேட்டார். தோட்டம் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

ஆறு மணிக்குப் போய் இறங்கியவரைத் தங்கப்பொண்ணு ஏற இறங்கப் பார்த்தாள். “வாங்க தம்பி. சேட்டிலைட்டு வெளியூரு போயிருந்துச்சோ?”

அவர் கருவியை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கிய வேகத்தில் கையை உதறினாள்.

“ஆத்தாடி! ஐஸுக்கட்டியால்ல இருக்கு!”

“கேன் பையில வச்சிருந்தேன்க்கா. டீக்கடையில நின்னப்ப வெயிலுக்குச் செருகுனேன். அதுல வச்சா நல்லாக் குளுரும்.”

தங்கப்பொண்ணு முகத்தைச் சுருக்கினாள். “அதெப்புடிக் குளுரும்? போன தடவ நாந் தொடப் பயந்ததுக்கு, ‘வெளிய ஒண்ணுங் குளுராதுக்கா, அம்புட்டுக் குளுரும் உள்ளதான் இருக்கும், மூடி சரியா இருந்தா பொட்டுக் காத்து வெளிய வராது’ன்னு நீங்கதான சொன்னீக?”

சிவபாண்டி சிரிக்கப் போனார். வாய் பாதியில் நின்றுவிட்டது.

பையைத் திறந்தார். கருவி செருகியிருந்த இடத்தில், அது அழுத்தியதில், கேனின் மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுண்டுவிரல் அளவு இடைவெளி விட்டிருந்தது. அதன் வழியே வெள்ளைப் புகை சோம்பலாக வெளியேறிக்கொண்டிருந்தது. அளவுகோலை உள்ளே விட்டு எடுத்தார். தினமும் செய்ய வேண்டியது. கண்ணாடி துடைக்கிற வேலையில் இரண்டு மாதமாக விட்டுப்போனது. கோலின் நுனியில் ஒரு விரற்கடைக்குத்தான் வெண்பனி பூத்திருந்தது; நைட்ரஜன் அவ்வளவுதான் மிச்சம். நைட்ரஜன் நிரப்ப வருகிறவர் “இந்தத் தடவ ரொம்ப இழுத்திருக்கே அண்ணே” என்று சொன்னதும், தான் “வெயிலு” என்று ஒரே வார்த்தையில் முடித்ததும் ஞாபகம் வந்தது.

கேனுக்குள் இருந்த ஸ்ட்ரா அத்தனையும் செத்தவை. இரண்டு மாதமாக அவர் போட்டதில் எது உயிரோடு இருந்தது, எது இல்லை என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஈரத்தை விரட்ட அரிசியும் பசையும் தேடி அலைந்தவருக்கு, அந்த ஈரம் எதற்காக வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. சிவபாண்டிக்குத் தன்னைக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

செவலை கயிற்றை இழுத்துக் கத்தியது. அவர் போனை எடுத்தார்.

“ஜெயக்கொடி, நான் சிவபாண்டி பேசுறேன். எங்கிட்ட இருக்க சரக்கெல்லாம் கெட்டுப்போச்சும்மா. கீழக்குயில்குடிக்கு ஒடனே வர முடியுமா? லொகேஷன்…” என்று தொடங்கி, நிறுத்தி, “லொகேஷன் இருக்கட்டும். டீக்கடையில கேட்டுட்டு வந்துரு” என்றார்.

இருபது நிமிடத்தில் ஜெயக்கொடியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவள் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஸ்ட்ராவை வெதுவெதுப்பான நீரில் விட்டு எடுத்துத் துணியில் துடைத்தாள். சிவபாண்டி மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு உதவியாளாக நின்றார். வெளிச்சம் மங்குவதற்குள் வேலை முடிந்தது.

“டயத்துக்குத்தான் அண்ணே போட்ருக்கு. நிக்கும்” என்று சொல்லிவிட்டு ஜெயக்கொடி கிளம்பினாள்.

தங்கப்பொண்ணு செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். சிவபாண்டி அவள் பக்கத்தில் போய் நின்றார். பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவள் கேட்டிருக்கவும் மாட்டாள்.

“அக்கா, மாட்டுல கோளாறு இல்ல. ரெண்டு தடவையும் நான் போட்டது செத்த வெத. கேன் மூடி தெறந்தே கெடந்துருக்கு. என் தப்பு. ஒங்க வீட்டுக்காரருகிட்ட நானே வந்து சொல்றேன். மாட்ட வித்துராதீக.”

அவள் தடவுவதை நிறுத்தவில்லை. தடவியபடியே கேட்டாள்.

“எத்தன நாளா அது தெறந்து கெடந்துச்சு?”

“ரெண்டு மாசமா இருக்கும்க்கா.”

“எங்க நாத்தனா ஒச்சாயி மாட்டுக்கும் நீங்கதான தம்பி போட்டீக? மலடுன்னு சொன்னீகன்னு போன மாசம் யாவாரி வண்டியில ஏத்தி விட்டா. நாலு நாளு சோறு திங்கல அவ.”

அந்த மாடு சிவபாண்டிக்கு ஞாபகம் இருந்தது. கறுப்பு, நெற்றியில் வெள்ளை. ஊசி போடும்போது அசையாமல் நிற்கும்.

“நான்தான்க்கா போட்டேன்” என்றார். “நீங்க சொல்லிராதீக. அவுக வீட்டுக்கு வழி மட்டும் சொல்லுங்க, நானே போறேன்.”