எண்பத்தேழில் ஒரு பங்கு கல்லாறு

ராகேலுக்குக் கழக்கூட்டம் என்கிற ஊரில் வேலை கிடைத்துவிட்டது. கிடைத்த வேலையில் போய்ச் சேர வழியில்லை, அவ்வளவுதான் சங்கதி. வெப்சைட்டுகளுக்குப் படம் திருத்திக் கொடுக்கிற கம்பெனி. திங்கட்கிழமை காலை அசல் சான்றிதழ்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த அசல்களோ பழவங்காடியில் விஜய்குமார் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில், இரும்பு அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன.

வேலைக்குச் சேருகிற அன்றே பத்தாம் வகுப்பிலிருந்து டி.டி.பி. டிப்ளமா வரைக்கும் அசலை வாங்கி உள்ளே வைத்துக்கொள்வது அண்ணாச்சியின் வழக்கம். "இங்க இருந்தா மழையில நனையாது" என்பார். நெய்யாற்றின்கரை வாடகை வீட்டில் மழை ஒழுகுவது உண்மைதான், ஆனால் அண்ணாச்சிக்கு அந்தக் கூரையைப் பற்றி என்ன கவலை? ஆள் ஓடக்கூடாது என்பதுதான் கவலை.

அவள் போகப்போகிறேன் என்று சொன்னபோது அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "போ, நல்லா வா. நான் தடுப்பேனா? ஸ்ரீனிவாசன் சாரோட வேலய மட்டும் முடிச்சிரு. அன்னைக்கே சர்ட்டிபிக்கேட்டக் கையில தாறேன், கேட்டியா."

இனி ஸ்ரீனிவாசன் சாரின் வேலை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் சொந்த வீடு. பொன்முடி மலைக்கு ரயில் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அவருக்கு அது பொறுக்கவில்லை. வீட்டுக் கூடத்தில் பெரிய மரப்பலகை போட்டு, அடிவாரத்துக் கல்லாறு ஊர் வழியாகப் பொன்முடிக்குத் தானே ரயில் விட்டுவிட்டார். தண்டவாளம், எஞ்சின், ஸ்டேஷன் எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஆறடி மனிதர் அங்கே இரண்டு சென்டிமீட்டர். பலகைக்குப் பின்னால் சுவர் வெறுமையாக இருந்தது. அந்தச் சுவர் முழுக்கக் கல்லாற்றின் ஆறும் பாறையும் டீக்கடையும் காடும் அதே அளவில் படமாக வரவேண்டும். அதுதான் ராகேலின் தலையில் விழுந்த வேலை.

அளவு பிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். சாலைக் கம்போளத்தில் கடை கடையாக ஏறி, ஸ்கேல் வைத்து அளந்து, சரியாக எண்பத்தேழு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குடை வாங்கினார். கல்லாற்றுக்குப் போய், எதைப் படம் எடுத்தாலும் அதன் பக்கத்தில் அந்தக் குடையைச் சாத்தி வைத்தே எடுத்தார். டீக்கடை வாசலில் குடை, பாறையில் குடை, பாலத்துக் கைப்பிடியில் குடை. கல்லாற்றுக்காரர்கள் அவரைப் பற்றி என்ன நினைத்தார்களோ. ராகேல் படத்தை ஸ்கேன் செய்து, குடை ஒரு சென்டிமீட்டர் ஆகிறவரை சுருக்கவேண்டும். பிறகு குடையை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சுவரையோ பாறையையோ நிரப்பவேண்டும். நாள் முழுக்கக் குடை அழித்து அழித்து, மழை நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களின் குடையையும் அவள் விரல் அழிக்கப் பார்த்தது.

முதல் தடவை எல்லாக் குடையையும் ஒரு சென்டிமீட்டர் ஆக்கி அச்சடித்துக் கொடுத்தாள். சார் மறுநாளே சுருளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஆத்துக்கு அந்தண்டை இருக்கிற வீடு என் ஸ்டேஷன் ஒசரத்துக்கு நிக்கறதே, கொழந்தே. தூரத்துல இருக்கிறது சின்னதாத் தெரியவேண்டாமோ?"

"நீங்கதான சார் அங்கயும் குடை வெச்சிருந்தீங்க?"

"நான் வெச்சேன், சரி. நீ யோசிக்கப்படாதோ?"

அக்கரையை எல்லாம் பாதியாக்கினாள். மலையை அதற்கும் கீழே கொண்டுபோனாள். இரண்டாவது தடவையும் திரும்பி வந்தது. இந்த முறை ஆறு ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குப் போகும்போது அரை விரற்கடை கீழே குதித்தது. ராகேல் தன் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள், ஒரு தப்பும் இல்லை. கடைசியில் தாளின் மேலேயே ஸ்கேலை வைத்தாள். குறுகலான படங்களில் அளவு சரியாக இருந்தது, தாளைவிட அகலமான படங்கள் மட்டும் சுருங்கியிருந்தன. பிரிண்டரில் படத்தைத் தாளுக்குள் அடக்கிக்கொள்ளும்படி அண்ணாச்சி எப்போதோ ஒரு டிக் போட்டு வைத்திருந்தார். பாஸ்போர்ட் போட்டோவில் யார் காதும் வெட்டுப்படக்கூடாதே என்ற நல்லெண்ணம்.

அந்த டிக்கை எடுக்கும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு டிக்குக்காக ஒரு வாரம் போயிருந்தது. "அப்படியே குடுத்திட்டா என்ன? அவரு பாட்டுக்கு ஒட்டிக்கிடட்டும்" என்று வீட்டில் கத்தினாள். தம்பானூர் ஓட்டலில் பரோட்டா போடுகிற அப்பா ராஜையன் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார், "மோசமாச் செஞ்சா திரும்பி வரும் மக்களே. திரும்பி வந்தா நீ அங்கதான் இருப்ப. ஒரு குத்தம் சொல்லமுடியாம முடிச்சுக் குடுத்திட்டு இறங்கி வா."

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. குற்றம் சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தாளுக்குத் தாள் ஆற்றைப் பொருத்தினாள். ஒரு படத்தில் காலை வெயிலும் அடுத்ததில் மாலை வெயிலும் இருந்ததை ஒரே வெயிலாக்கினாள். சார் கேட்காமலே தூரத்து மலைக்குக் கொஞ்சம் நீலமும் மங்கலும் கொடுத்தாள். அழித்த குடைகளின் தடம் ஒன்றுகூடத் தெரியவில்லை. செய்யச் செய்ய அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனதுதான் கொடுமை.

சனிக்கிழமை மத்தியானம் சுருள்களைச் சுமந்துகொண்டு அக்ரஹாரத்து வீட்டுக்குப் போய், அவளே பக்கத்தில் நின்று ஒட்டினாள். ஸ்ரீனிவாசன் சார் ஸ்விட்சைப் போட்டார். ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய எஞ்சின் பாலத்தில் ஏறியது. பாலத்தின் அடியில் பலகையில் இருந்த ஆறு அப்படியே சுவருக்குள் போய், பாறைகளுக்கு நடுவே வளைந்து, மலைக்குள் மறைந்தது. சுவர் எங்கே தொடங்குகிறது என்று ஒட்டிய ராகேலுக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் ஆயுசுக்கும் இது போறும்" என்றார். "ஒரு குத்தம் சொல்லமுடியாது."

அந்த வார்த்தைக்காகத்தானே இத்தனையும். ராகேலுக்கு உடம்பே லேசாகிவிட்டது. கடை ஆறு மணி வரை திறந்திருக்கும், இப்போதே போனால் அலமாரியைத் திறக்கச் சொல்லலாம் என்று பையை எடுத்தாள்.

"நில்லு, உனக்கு ஒரு சந்தோஷ சமாச்சாரம்" என்றார் சார். "காலம்பற நீ அனுப்பின மாதிரித் தாளைப் பார்த்தேனோல்லியோ, அப்பவே என் சிநேகிதாளுக்கெல்லாம் போன் பண்ணிட்டேன். என்னைப்போல ரயில் வெச்சிண்டிருக்கிறவா ஆறு பேர். ஆறு பேரும் உன்கிட்டயே பண்ணிக்கணுமாம். விஜய்குமார்கிட்டயும் சொல்லிட்டேன், இந்தப் பொண்ணை எக்காரணம் கொண்டும் விட்டுடாதேன்னு. அவனுக்கு வாயெல்லாம் பல்."

ராகேல் பையைக் கீழே வைத்தாள். இவ்வளவு அன்பாக யாரும் அவள் கழுத்தில் கயிறு போட்டதில்லை. அழாமல் சொல்லவேண்டும் என்று நினைத்து, அழாமலே எல்லாவற்றையும் சொன்னாள். கழக்கூட்டம், திங்கட்கிழமை, அலமாரி, உங்கள் வேலை முடிந்தால் தருகிறேன் என்று அண்ணாச்சி சொன்னது. "நீங்க ஒரு வார்த்த சொன்னா குடுத்திருவாரு சார். உங்க வேல முடிஞ்சிட்டுன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

ஸ்ரீனிவாசன் சார் ஸ்விட்சை அணைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, நெற்றியைத் தடவிக்கொண்டு, நிஜமாகவே வருத்தப்பட்டார். அவள் சொன்னதை அவர் முழுசாகக் கேட்டார், அதில் சந்தேகமே இல்லை.

"அடடா, திங்கட்கிழமையா" என்றார். "அப்போ அதுக்குள்ள ஆறுல எத்தனை உன்னால முடியும்?"

அவள் மனசு பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. ஸ்கேன் செய்ய இவ்வளவு நேரம், வெயிலை ஒன்றாக்க இவ்வளவு, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போகாமல் உட்கார்ந்தால் ஒன்றை முடித்துவிடலாம். அதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது தான்தான் என்று தெரிந்தபோதுதான் ராகேலுக்கு அழுகை வந்தது.